அனந்தபுரி அரசியல் – 14 : மூன்று முறை ஏறிய நாற்காலி

திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் மூட்டை கட்டிக்கொண்டு திருவிதாங்கூரை விட்டுக் கிளம்பியதோடு சென்ற இதழில் நிறுத்தியிருந்தோம். 1947 ஜூலை 25-ஆம் தேதி சங்கீத அகாடமி நிகழ்ச்சியில் விழுந்த வெட்டு, ஆகஸ்டில் ராஜினாமா, செப்டம்பரில் பொறுப்பாட்சி தருவதாக மகாராஜாவின் அறிவிப்பு என்று எல்லாம் அடுத்தடுத்து நடந்தன. திவான் காலி செய்த இடத்தில் யார் உட்காருவது? திருவனந்தபுரத்தில் அன்று யாரைக் கேட்டிருந்தாலும் ஒரே பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள்: பட்டம் தாணு பிள்ளை.

தமிழ்நாட்டில், அதிலும் குமரி மாவட்டத்தில், இந்தப் பெயருக்கு வேறு ஒரு நினைவு இருக்கிறது. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கி வெடித்தபோது முதலமைச்சராக இருந்தவர் அவர். கேரளத்திலோ அவர் அரசியலின் பீஷ்மாச்சாரியர். தலைநகரம் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. மூன்று முறை அரசின் தலைமை நாற்காலியில் ஏற்றியது. மூன்று முறையும் ஐந்தாண்டு முடியுமுன் இறங்கினார். மூன்றையும் கூட்டினாலும் ஒரு முழுப் பதவிக்காலம் தேறாது.

சொந்த ஊர் கொடுக்கும் செல்வாக்கைப் பெரிய பதவிக்கான தகுதிச் சான்றாக எடுத்துக்கொள்ளலாமா என்று யாராவது கேட்டால், முதலில் புரட்டிப் பார்க்க வேண்டிய வாழ்க்கை இவருடையது.

1885 ஜூலை 15-ல் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் பட்டம் என்ற பகுதியின் பெயரே அவருக்கு முன்பெயராக ஒட்டிக்கொண்டது. வக்கீல் தொழில். 1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் பிறந்தபோது அவரைத்தான் தலைவராக்கினார்கள். அந்த மே மாதமே, திவான் மீது குற்றச்சாட்டுகளை வரிசையாக அடுக்கி மகாராஜாவுக்கு ஒரு விண்ணப்பம் போயிற்று. சமஸ்தானத்தில் திவானை எதிர்த்து முணுமுணுப்பதே ஆபத்தாக இருந்த காலம். இவர்களோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஆகஸ்டில் தாணு பிள்ளை சிறைக்குப் போனார். அந்த மாதக் கடைசி நாளில் நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச்சூடு நடந்தது.

அந்த ஆண்டு அக்டோபர் 23, மகாராஜா சித்திரைத் திருநாளின் பிறந்தநாள். தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து கவடியார் அரண்மனையை நோக்கிப் பெரும் ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் அக்கம்மா செறியான். ஆசிரியை வேலையை உதறிவிட்டு வந்த 29 வயதுப் பெண். காங்கிரஸ் மீதான தடையை நீக்கு, தாணு பிள்ளை முதலான தலைவர்களை விடுதலை செய் என்பவை கோரிக்கைகள். சுடச் சொல்லி ஆங்கிலேயப் படை அதிகாரி உத்தரவிட்டபோது, முதல் குண்டைத் தன் மேல் பாய்ச்சும்படி அவர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. தலைவர்கள் விடுதலையானார்கள். இன்று வெள்ளையம்பலத்தில் அக்கம்மாவின் சிலையைப் பார்க்கிறவர்கள், அந்தக் கூட்டம் யாரை வெளியே கொண்டுவரத் திரண்டது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

தலைநகரத்து மக்கள் ஒருவருக்காகத் துப்பாக்கி முன் நிற்கத் தயாராயிருந்தார்கள். ஓர் அரசியல்வாதிக்கு இதைவிடப் பெரிய செல்வாக்கு வேண்டுமா?

ஆனால் விடுதலைக்குப் பின் நடந்ததும் கவனிக்கத்தக்கது. திவான் மீதான தனிப்பட்ட குற்றச்சாட்டுகளைக் கைவிட்டுப் பொறுப்பாட்சிக் கோரிக்கையை மட்டும் பிடித்துக்கொள்ளும்படி காந்தி யோசனை சொன்னார். தாணு பிள்ளை விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார். சிறைக்குப் போய் வந்த இளைஞர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர்களில் பலர் பின்னாளில் கம்யூனிஸ்டுகள் ஆனார்கள். கூட்டத்தின் கைதட்டலை இழந்தாலும் முடிவு எடுக்கத் தெரிந்தவர் என்று இதைப் பாராட்டவும் செய்யலாம். தன் ஆட்களைக் கலந்து அழைத்துப்போகத் தெரியாதவர் என்று குறையும் சொல்லலாம். பின்னால் நடந்தவற்றைப் பார்த்தால் இரண்டாவதற்குத்தான் சாட்சி அதிகம்.

1948-ல் வயது வந்தோர் வாக்குரிமையோடு திருவிதாங்கூரில் தேர்தல் நடந்தது. ஸ்டேட் காங்கிரஸ் வாரிச் சுருட்டியது. தெற்கே தமிழ்த் தாலுகாக்களில் மட்டும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 14 இடங்களைப் பிடித்தது. மார்ச் 24-ல் தாணு பிள்ளை சமஸ்தானத்தின் பிரதம மந்திரி ஆனார். மந்திரிசபையில் மொத்தம் மூன்று பேர்: அவர், சி. கேசவன், டி.எம். வர்கீஸ். நாயர், ஈழவர், கிறிஸ்தவர் என்று கணக்கும் சரியாக இருந்தது. சி.பி. காலத்தில் மூவரும் ஒன்றாகச் சிறைப்பட்டவர்கள். எதிரி ஒருவன் இருந்தவரை ஒட்டியிருந்த கூட்டணி, எதிரி போனதும் விரிசல்விட்டது. அக்டோபரில் சொந்தக் கட்சி உறுப்பினர்களே நம்பிக்கையில்லை என்றார்கள். ஏழு மாதத்தில் பறவூர் டி.கே. நாராயண பிள்ளையிடம் பதவியை விட்டுவிட்டு இறங்க வேண்டியதாயிற்று.

பிறகு காங்கிரஸை விட்டே விலகி சோஷலிஸ்டுகளின் பக்கம் போனார்.

இனி 1954-க்கு வருவோம். திருவிதாங்கூர்–கொச்சிச் சட்டமன்றத்தில் 117 இடங்கள். காங்கிரஸுக்கு 45, கம்யூனிஸ்டுகளுக்கு 23, தாணு பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்கு 19, தமிழ்நாடு காங்கிரஸுக்கு 12, ஆர்.எஸ்.பி.க்கு 9. இடதுசாரிகளோடு தொகுதி உடன்பாடு செய்துகொண்டு தேர்தலைச் சந்தித்த பிரஜா சோஷலிஸ்டுகள், முடிவு வந்ததும் காங்கிரஸின் வெளி ஆதரவை வாங்கிக்கொண்டு தனியாக ஆட்சி அமைத்தார்கள். மார்ச் நடுவில் தாணு பிள்ளை முதலமைச்சர் ஆனார். சபையில் ஆறில் ஒரு பங்குகூட இல்லாத கட்சியின் அரசு அது. இந்தியாவில் அந்தக் கட்சிக்குக் கிடைத்த முதல் முதலமைச்சர் என்பதால் டெல்லியிலும் பம்பாயிலும் இருந்த சோஷலிஸ்டுகள் பெருமிதத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். காங்கிரஸ் தன் பங்குக்குக் கம்யூனிஸ்டுகளைத் தள்ளிவைத்த நிம்மதியில் இருந்தது. இப்படிப்பட்ட நாற்காலியில் உட்காருகிறவருக்கு வேண்டிய குணம் ஒன்றே ஒன்று: தன்னுடையவர்கள் அல்லாத 98 பேரோடும் பேசிக்கொண்டே இருக்கும் பொறுமை. திவானோடு மோதிப் பெயர் வாங்கியவரிடம் அது போதிய அளவு இல்லை.

அந்த மந்திரிசபையில் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒருவர் இருந்தார். நிதியையும் வருவாய்த் துறையையும் கவனித்த பி.எஸ். நடராஜ பிள்ளை, மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் மகன். ‘நீராருங் கடலுடுத்த’ என்று நாம் எழுந்து நின்று பாடுகிறோமே, அதை எழுதியவருடைய பிள்ளை. பேரூர்க்கடையில் குடும்பத்துக்குப் பெரிய சொத்து இருந்தது, சி.பி.யை எதிர்த்ததற்காக அதைப் பறிகொடுத்தவர். நிலச்சீர்திருத்தத்துக்கான மசோதாக்களை இந்த அரசு சபைக்குக் கொண்டுவந்தது இவர் கையால்தான். 1957 கம்யூனிஸ்ட் அரசின் நிலச் சட்டத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், அதற்கு முன்பே போடப்பட்ட இந்தப் பாதையை ஏனோ ஓரிரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். மசோதாக்கள் சட்டமாகும் அளவுக்கு அரசுக்கு ஆயுள் இருக்கவில்லை.

ஆயுளைக் குறைத்தது தெற்கு.

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, மலைமேல் தேவிகுளம், பீர்மேடு ஆகிய தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்பது நேசமணி தலைமையிலான தமிழர்களின் கோரிக்கை. மாநில மறுசீரமைப்புக் கமிஷன் 1953 டிசம்பரிலேயே அமைக்கப்பட்டுவிட்டது. எந்தத் தாலுகா எந்தப் பக்கம் போகும் என்று எல்லோரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரம். தேவிகுளத்தில் தடையை மீறிய தமிழ்த் தலைவர்கள் ஜூலையில் கைதானார்கள். நேசமணியும் சிறைக்குப் போனார். ஆகஸ்ட் 11-ஐ விடுதலை நாளாகக் கொண்டாடத் தெற்கே அழைப்பு விடுக்கப்பட்டது. கடையடைப்பு, ஊர்வலம், மறியல். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது.

எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் அரசுக் கணக்கும் ஊர்க் கணக்கும் ஒத்துப்போனதேயில்லை. புதுக்கடையில் இன்றும் தியாகிகள் நினைவிடம் நிற்கிறது.

1938-ல் நெய்யாற்றின்கரையில் சுடப்பட்ட கூட்டம் எந்தத் தலைவரின் கட்சிக்காகத் திரண்டதோ, அதே தலைவரின் போலீஸ் பதினாறு ஆண்டுகளில் அங்கிருந்து கொஞ்சம் தெற்கே தள்ளிச் சுட்டது. தாணு பிள்ளைக்கு அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. ஆயுதம் ஏந்திய கலகம் இல்லை என்பதும், எதிரில் நிற்பவர்களும் தாய்மொழியில் படிக்கவும் மனுக் கொடுக்கவும் உரிமை கேட்கிறவர்கள் என்பதும் திருவனந்தபுரத்து செக்ரடேரியட்டுக்கு எட்டவில்லை. அந்த ஊரின் சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் தமிழ் தினமும் காதில் விழும் என்பதை நினைத்தால் இது இன்னும் உறுத்துகிறது. பக்கத்து வீட்டுத் தமிழனைத் தெரியும். விளவங்கோட்டுத் தமிழனைத் தெரியாது.

அடி வந்தது அவர் எதிர்பாராத திசையிலிருந்து. பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா அப்போது உத்தரப் பிரதேசத்தில், நைனி சிறையில் இருந்தார். பாசனக் கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் உள்ளே போனவர். செய்தி தெரிந்ததும் சிறையிலிருந்தே தந்தி கொடுத்தார்: மந்திரிசபை ராஜினாமா செய்ய வேண்டும், துப்பாக்கிச்சூடு பற்றி விசாரணை நடக்க வேண்டும். வெள்ளைக்காரன் போன பிறகு மக்கள் மேல் சுடுவதைச் சோஷலிஸ்ட் அரசே செய்தால் அப்புறம் மற்றவர்களைக் கேட்க வாய் ஏது என்பது அவர் வாதம். தாணு பிள்ளை மறுத்துவிட்டார். ஆட்சியில் இருப்பவனுக்கு ஒழுங்கைக் காக்கும் கடமை உண்டு என்று கட்சியில் பெரும்பாலோர் அவர் பக்கம் நின்றார்கள். நவம்பரில் நாக்பூரில் கூடிய மாநாடும் அப்படியே முடிவெடுத்தது. லோகியா பொதுச்செயலாளர் பதவியை விட்டார். அடுத்த ஆண்டுக் கடைசியில் தனியாகச் சோஷலிஸ்ட் கட்சியைத் தொடங்கினார். அகில இந்தியக் கட்சியொன்று இரண்டாகப் பிளந்ததற்கு மார்த்தாண்டம் காரணமாயிற்று என்பது குமரி மாவட்டத்துக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது.

இதற்கிடையில் மலைமேல் இன்னொரு காரியமும் நடந்தது. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களின் காடுகளில் மலையாளக் குடும்பங்களைக் குடியேற்றும் திட்டத்தை அரசு கொண்டுவந்தது. உணவு உற்பத்திக்கு என்று அரசு சொன்னது. கமிஷன் வந்து தலையை எண்ணும்போது தமிழர் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டத்தான் என்று தமிழர் தரப்பு சொன்னது. இடுக்கி மாவட்டத்தில் கல்லாறு பக்கம் ‘பட்டம் காலனி’ என்ற பெயர் இன்றும் வழக்கில் இருக்கிறது. எல்லைக் கணக்கில் அவர் நினைத்தது நடந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு தங்கின. தெற்கே நான்கு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்துக்கு வந்தன. செங்கோட்டையின் பெரும்பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது.

அதற்கு முன்பே, 1955 பிப்ரவரியில், காங்கிரஸ் கையை விலக்கிக்கொள்ள அரசு கவிழ்ந்துவிட்டது. பதினோரு மாதம். பனம்பிள்ளி கோவிந்த மேனன் வந்தார்.

இங்கே ஓர் ஒப்பீடு தவிர்க்க முடியாதது. தாணு பிள்ளை பதவியேற்ற அடுத்த மாதம், 1954 ஏப்ரல் 13-ல், சென்னையில் காமராஜர் முதலமைச்சர் ஆனார். அவருக்கும் கட்சிக்குள் எதிரிகள் இருந்தார்கள். தலைமைப் போட்டியில் தன்னை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் மந்திரிசபையில் சேர்த்துக்கொண்டுதான் வேலையை ஆரம்பித்தார். ஒன்பது ஆண்டு நீடித்தார். அதே காமராஜர் 1967-ல் சொந்த ஊரான விருதுநகரில் தோற்றார். இரண்டாண்டு கழித்து நாகர்கோவில் மக்களவை இடைத்தேர்தலில் வென்றார். நேசமணி இறந்ததால் காலியான தொகுதி அது. சொந்த ஊர் தோற்கடித்தவர் ஆட்சி நடத்தத் தெரிந்தவராக இருந்தார். சொந்த ஊர் கைவிடாதவருக்கு அது கைவரவில்லை.

ஆம், திருவனந்தபுரம் தாணு பிள்ளையைக் கைவிடவே இல்லை. 1957-ல் மாநிலம் கம்யூனிஸ்டுகளைத் தேர்ந்தெடுத்தபோதும், அவருடைய கட்சி ஒற்றை இலக்கத்துக்குச் சுருங்கியபோதும், தலைநகரத் தொகுதி அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. அந்தக் கம்யூனிஸ்ட் அரசை எதிர்த்த விமோசனப் போராட்டம், 1959 ஜூலை 31-ல் முதலமைச்சர் இ.எம்.எஸ். அரசு கலைப்பு, 1960 தேர்தல் எல்லாவற்றிலும் அவர் முன்வரிசையில் இருந்தார். அந்தத் தேர்தலில் 126 இடங்களில் காங்கிரஸுக்கு 63. சரிபாதி. அவர் கட்சிக்கு 20. இருந்தும் முதலமைச்சர் பதவி மூன்றாம் முறையாக அவருக்கே வந்தது, காங்கிரஸின் ஆர். சங்கர் துணை முதல்வர். 74 வயதில் ஒருவர் மேல் இத்தனை கட்சிகள் ஒத்துப்போவது சாதாரண மதிப்பில்லை. ஆனால் பெரிய கட்சிக்குத் துணைப் பதவியும் சிறிய கட்சிக்குத் தலைமையும் என்ற ஏற்பாடு எத்தனை நாள் தாங்கும்?

இந்த ஆட்சியில்தான் 1961-ல் இடுக்கி அணைத் திட்டத்துக்காக அய்யப்பன்கோவில் பகுதிக் குடியேறிகளை வெளியேற்றி, மழைக்காலத்தில் அமராவதியில் கொண்டுபோய் விட்டார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அங்கேயே உண்ணாவிரதம் இருந்தார். ஆறே ஆண்டுகளுக்கு முன் இதே மலைகளில் குடியேற்றத்தை ஊக்குவித்த முதலமைச்சருக்கு, குடியேறிகளைக் கிளப்பும் வேலையும் வந்து சேர்ந்தது.

1962 செப்டம்பரில் டெல்லியிலிருந்து ஓர் அழைப்பு வந்தது: பஞ்சாப் கவர்னர் பதவி. உயர்ந்த பதவிதான், ராஜ்பவன், கொடி, மரியாதை எல்லாம் உண்டு. தாணு பிள்ளை ஏற்றுக்கொண்டார். முதலமைச்சர் நாற்காலி சங்கருக்குப் போனது. கூட்டணித் தொல்லையைக் காங்கிரஸ் இப்படி நாசூக்காக முடித்துக்கொண்டது என்றே அன்றும் பேசினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். தலைவர் சண்டிகருக்குப் போன பிறகு கேரளத்தில் பிரஜா சோஷலிஸ்ட் கட்சி எழவே இல்லை. ஒரு மனிதரின் செல்வாக்கை நம்பிக் கட்டிய கட்சி, அவரோடு சேர்ந்து ரயிலேறிவிட்டது.

சங்கருக்கும் அந்த நாற்காலி இரண்டே ஆண்டு. 1964 செப்டம்பரில் சொந்தக் கட்சிக்காரர்கள் பதினைந்து பேர் எதிர்த்து வாக்களிக்க, அவர் அரசும் விழுந்தது. ஆகவே எல்லாக் குற்றத்தையும் தாணு பிள்ளை தலையில் கட்டுவது நியாயமாகாது. அந்தக் காலத்துத் திருவனந்தபுரத்தில் யார் ஆண்டாலும் நிலை இதுதான். ஆனால் மூன்று தடவை வாய்ப்புக் கிடைத்தவர் அவர் ஒருவரே. மூன்றிலும் இடறியது ஒரே கல்: தன்னை ஏற்றுக்கொண்டவர்களை வழிநடத்தத் தெரிந்தது, ஏற்காதவர்களோடு உடன்பாடு காணத் தெரியவில்லை. அவர் நேர்மையை எதிரிகளும் சந்தேகித்ததில்லை. அவர் துணிவுக்குத் திவான் காலமே சாட்சி. ஊர் அவரிடம் கண்டது பொய்யல்ல. ஊர் பார்க்க வாய்ப்பில்லாத இடத்தில்தான் குறை இருந்தது.

சொந்த ஊர்ச் செல்வாக்கு பெரிய பதவிக்குத் தகுதியாகுமா என்ற கேள்வி இன்றைய திருவனந்தபுரத்துக்கும் புதிதல்ல. ஐ.நா. துணைப் பொதுச்செயலாளராக இருந்துவிட்டு வந்த சசி தரூரை 2009 முதல் தொடர்ந்து நான்கு முறை மக்களவைக்கு அனுப்பிய தொகுதி இது. 2022-ல் காங்கிரஸ் தலைவர் பதவிக்கு அவர் நின்றபோது கிடைத்த வாக்கு 1,072. மல்லிகார்ஜுன கார்கேவுக்கு 7,897. தொகுதி போடும் கணக்கும் கட்சி போடும் கணக்கும் வேறுவேறு என்பதற்கு இதைவிடப் பச்சையான எண் கிடைக்காது. அவர் கதையை எழுதக் காலம் இன்னும் கனியவில்லை.

தாணு பிள்ளை 1964 மே வரை பஞ்சாபிலும், பிறகு 1968 வரை ஆந்திரப் பிரதேசத்திலும் கவர்னராக இருந்தார். திருவனந்தபுரத்துக்குத் திரும்பி வந்து, 1970 ஜூலை 27-ல் 85-ஆம் வயதில் காலமானார்.

அவர் உச்சத்தில் இருந்த காலத்திலும் மக்களவைக்கு ஆள் அனுப்பும்போது இந்த நகரம் கட்சிகளை ஒதுக்கிவிட்டுச் சுயேச்சைகளைத் தேடியது என்பது இன்னொரு வேடிக்கை. முதல் தேர்தலில் ஆனி மஸ்கரீன், 1957-ல் ஈஸ்வர ஐயர், 1962-ல் நாம் மேலே பார்த்த அதே நடராஜ பிள்ளை. 1971-ல் நான்காவதாக ஒரு சுயேச்சை வென்றார்: நாட்டின் பாதுகாப்பு அமைச்சராக இருந்து, சீனப் போரின்போது பதவியை இழந்து, பம்பாயில் இரண்டு முறை தோற்றிருந்த வி.கே. கிருஷ்ண மேனன். அவரைப் பற்றி அடுத்த இதழில்.

(தொடரும்)